தாய்வீடு வந்த கர்ப்பிணியும் வராத தவணையும்: ஒரு முதல் பிரசவத்தின் நிகழ்வு ஆய்வு

எதற்காக இந்தப் பதிவு

2024 ஐப்பசியில் எங்கள் வட்டாரத்துக்கு வந்து சேர்ந்த ஒரு இளம் கர்ப்பிணியின் கதை இது. ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தின் பகுதி சுகாதார செவிலியராக அந்தப் பெண்ணின் பராமரிப்பில் எனக்கும் பங்கு இருந்தது. அந்தக் குடும்பத்தின் ஒப்புதலோடுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை விட்டிருக்கிறேன். எங்கள் மாவட்டத்தின் பெயரும், இதில் வரும் மருத்துவமனைகள், வங்கி, ஆலை ஆகியவற்றின் பெயர்களும் இல்லை.

தாயும் குழந்தையும் நலம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இறப்பு நேர்ந்தால் தணிக்கை நடக்கும், கோப்பு திறக்கும், கேள்வி வரும். மயிரிழையில் தப்பிய தாய்மாரைப் பற்றி யாரும் உட்கார்ந்து எழுதுவதில்லை. கற்றுக்கொள்ள அதிகம் இருப்பது அவர்களிடம்தான் என்பது என் எண்ணம்.

பின்னணி

அந்தப் பெண்ணுக்கு அப்போது 20 வயது, முதல் கர்ப்பம். கல்யாணத்துக்கு முன்பு ஒரு நூற்பாலையில் விடுதியில் தங்கி வேலை பார்த்தவள். கல்யாணம் ஆனதும் கணவனோடு திருப்பூர் போய், இருவரும் பனியன் கம்பெனி வேலை. கணவன் தையல், இவள் ஒரு கான்ட்ராக்டரிடம் பீஸ் ரேட்டில் செக்கிங்.

திருப்பூரில் 10-வது வாரத்திலேயே பதிவு செய்திருந்தார்கள். அங்கிருந்த செவிலியர் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறார். கர்ப்பிணிகளைப் பதியும் அரசுத் தளமான பிக்மியில் எண் வாங்கி, தாய் சேய் நல அட்டை போட்டு, முதல் ஊட்டச்சத்துப் பெட்டகமும் கொடுத்திருந்தார். ஹீமோகுளோபின் அப்போது 10.2 கிராம், ரத்த அழுத்தம் 104/66. இரும்புச் சத்து மாத்திரை வாங்கினாள், ஆனால் ஒழுங்காகப் போடவில்லை. போட்டால் குமட்டல், மலம் கறுப்பாகப் போகிறது என்ற பயம். நின்றபடியே பத்து மணி நேரம் வேலை செய்கிறவளுக்குக் குமட்டல் என்பது அன்றைய கூலியில் விழும் அடி.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்திலும் பெயர் சேர்ந்திருந்தது. 1987-ல் 300 ரூபாயில் தொடங்கிய திட்டம், 2006-ல் 6,000, 2011-ல் 12,000, 2018-ல் 18,000 என்று வளர்ந்தது. இந்த 18,000-ல் 14,000 ரூபாய் பணம். மீதி 4,000-க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். 2024 ஏப்ரலில் இருந்து பணம் மூன்று தவணைகளாக வருகிறது: கர்ப்பத்தின் நாலாம் மாதம் 6,000, குழந்தைக்கு நாலாம் மாதம் 6,000, ஒன்பதாம் மாதம் 2,000. முதல் பிரசவத்தில் ஒன்றிய அரசின் மகப்பேறு உதவியான மாத்ரு வந்தனா பணமும் இதற்குள்ளேயே அடங்கிவிடும்.

அந்த முதல் 6,000 வரவில்லை என்பதுதான் குடும்பத்தின் மனக்குறை. திருப்பூர் செவிலியரைக் கேட்டபோது, "எங்க சிஸ்டத்துல பணம் போயிடுச்சுன்னு காட்டுதும்மா" என்றிருக்கிறார். பாஸ்புக்கில் வரவே இல்லை. நடுவில் யாரோ எடுத்துக்கொண்டார்கள் என்று குடும்பம் முடிவு கட்டிவிட்டது. அதன்பிறகு பரிசோதனைக்குப் போவதும் குறைந்தது. 20-வது வாரத்துக்குப் பிறகு அட்டையில் ஒரு பதிவும் கிடையாது.

தீபாவளி முடிந்து, வாடகை வீட்டிலேயே எளிமையாக வளைகாப்பு செய்து, ஏழாம் மாதத்தில் தாய்வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். முதல் பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் ஊர் வழக்கம். இதை எந்த நிர்வாகமும் மாற்றப்போவதில்லை, மாற்றவும் வேண்டாம். ஒரு பெண் தன் அம்மாவின் கையால் சாப்பிட்டு, அவள் பக்கத்தில் தூங்கும் மாதங்கள் அவை. ஆனால் கர்ப்பம் மிக ஆபத்தாகும் கட்டத்தில்தான் அவள் ஊர் மாறுகிறாள். அந்த நேரத்தில் நம் பட்டியல்கள் அவளைக் கைவிட்டுவிடுகின்றன.

29-ஆம் வாரம்: கண்ணில் பட்டது

அவள் வந்திருப்பதை எங்களிடம் முதலில் சொன்னவர் அங்கன்வாடிப் பணியாளர். மகளுக்குச் சத்துமாவு கிடைக்குமா என்று அவள் அம்மா அங்கே போய்க் கேட்டிருக்கிறார். அட்டை திருப்பூருடையது என்பதால் பணியாளருக்குக் குழப்பம். அன்று மாலையே கிராம சுகாதார செவிலியருக்கு போன் செய்தார். அந்த ஒரு போன் வரவில்லை என்றால் மீதிக் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அதற்கு முந்தைய வாரமே அவள் அம்மா துணை சுகாதார நிலையத்துக்கு ஒருமுறை போயிருக்கிறார் என்பது பிறகு தெரிந்தது. அன்று பொறுப்பில் இருந்தவர், "அங்க போய் மாத்திட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அப்படிச் சொல்லச் சட்டத்தில் இடமில்லை. பிக்மி மாநிலம் முழுவதற்கும் ஒரே தளம். எண் இருந்தால் எங்கேயும் பார்க்கலாம். ஆனால் யார் யாரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்ற நிலுவைப் பட்டியல் பதிந்த இடத்திலேதான் வரும். திருப்பூர் பட்டியலில் அவள் வீடு பூட்டிக் கிடக்கும் பெண். எங்கள் பட்டியலில் அப்படி ஒருத்தியே இல்லை. பதிவில் இருந்த செல் எண் கணவனுடையது. ஷிப்டில் இருக்கும்போது அவர் போனை எடுக்க முடியாது.

மறுநாள் கிராம சுகாதார செவிலியரும் நானும் வீட்டுக்குப் போனோம். முகம் வெளிறிப் போயிருந்தது, படி ஏறினால் மூச்சு வாங்கியது. பிரஷர் 118/76. சிறுநீரில் புரதம் இல்லை. ஹீமோகுளோபின் 7.8. குழந்தையின் அசைவு நன்றாக இருந்தது.

அம்மாதான் பேசினார். "கார்டு, ஆதாரு, பாஸ்புக்குனு எல்லாத்தையும் வாங்கிக்கறீங்க சிஸ்டர். பணம் மட்டும் வரல. இனிமே எதுக்கு வரணும்?" அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. வளைகாப்புக்கும் ஸ்கேனுக்கும் மகளிர் குழுவில் கடன் வாங்கியிருந்தார்கள். அடுத்ததாகக் கம்மலை அடகு வைக்கும் பேச்சு நடந்துகொண்டிருந்தது. கிட்டத்தில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் பிரசவம் பார்ப்பதற்கு.

முதல் முடிவு: பதிவு பிறகு, ரத்தம் முதலில்

பதிவை மாற்றுவது, பணத்தைத் தேடுவது, ஹீமோகுளோபினை ஏற்றுவது என்று மூன்று வேலைகள் ஒன்றாக வந்து நின்றன. எங்கள் மருத்துவ அலுவலர் தயங்கவே இல்லை. மறுநாளே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்து வரச் சொன்னார்.

ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே என்றால் கடுமையான ரத்தசோகை. மேல் மருத்துவமனைக்குத்தான் அனுப்ப வேண்டும். 7 முதல் 9.9 வரை மிதமானது. பிரசவத்துக்கு இன்னும் பத்து வாரத்துக்கு மேல் இருக்கிறது, மாத்திரை வயிற்றுக்கு ஒத்துவரவில்லை. இப்படிப்பட்ட நிலையில் நரம்பு வழியே ஏற்றும் இரும்புச் சத்து மருந்தான அயன் சுக்ரோஸ் சரியான வழி. உப்புக் கரைசலில் கலந்து ட்ரிப்ஸ் மூலம் ஏற்றி, ஒவ்வாமை வருகிறதா என்று அரை மணி நேரம் கவனிக்க வேண்டும். அதனால் இதை வீட்டிலோ நடமாடும் மருத்துவ வண்டியிலோ போட முடியாது. நிலையத்துக்கே வந்தாக வேண்டும். ஒரு நாள் விட்டு ஒரு நாள்.

சிக்கல் அங்கேதான் வந்தது. ஊசி இலவசம், மருந்து இலவசம். ஆனால் நிலையத்துக்கு வர இரண்டு பஸ் மாற வேண்டும். கூட வரும் அம்மாவுக்கு நூறு நாள் வேலைக் கூலி போய்விடும்; அந்த ஆண்டு அது நாளுக்கு 319 ரூபாய். 2011-ல் வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தில் பிரசவத்துக்கு வரவும், ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்குப் போகவும், வீடு திரும்பவும் வண்டி உண்டு. ரத்தசோகைக்கு ஊசி போட வருகிறவளுக்கு எங்கள் பகுதியில் வண்டி கிடைப்பதில்லை. பிரசவ நாளில் 108-ல் விரைந்து கொண்டுபோகச் செலவழிக்கிறோம். அந்த நாள் ஆபத்தாகாமல் தடுக்கும் ஊசிக்கு அவள் தன் கைக்காசில் வர வேண்டியிருக்கிறது.

ஊசி நாட்களில் ஒன்றை, கர்ப்பிணிகளுக்கு மதிய உணவு தரும் செவ்வாய்க்கிழமையோடு சேர்த்தோம். மற்ற நாட்களில் அம்மாவுக்குப் பதில் ஐ.டி.ஐ. படிக்கும் தம்பியை வரச் சொன்னோம். அவனுக்குப் பஸ் பாஸ் இருந்தது. அக்காவின் கையைப் பிடித்துக் கூட்டி வந்து, ட்ரிப்ஸ் முடியும்வரை வெளியே உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பான். இந்த ஏற்பாடு பிறகு வேறு ஒரு விதத்திலும் கைகொடுத்தது.

தலைவலி, கண் மங்கல், மேல் வயிற்று வலி, முகம் கை வீங்குதல், குழந்தை அசைவு குறைதல், நீர் அல்லது ரத்தம் போதல் ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே போன் செய்ய வேண்டும் என்று கிராம சுகாதார செவிலியர் அவனுக்கே சொல்லிக்கொடுத்தார். பெண்களுக்குச் சொல்ல வேண்டியதைப் பதினெட்டு வயதுப் பையனிடம் சொல்கிறோமே என்று அவன் அம்மாவுக்கு முதலில் கூச்சம். அந்த வீட்டில் எப்போதும் சார்ஜோடும் ரீசார்ஜோடும் இருந்தது அவனுடைய போன் ஒன்றுதான். அதனால் அவனிடம் சொல்வது என்று முடிவு செய்தோம்.

பணம் எங்கே போனது

இதை அலசாமல் விட்டால் குடும்பத்தின் நம்பிக்கை திரும்பாது என்பதால், ஊசி தொடங்கிய வாரத்திலேயே இதையும் கையில் எடுத்தோம்.

பயனாளி கொடுக்கும் பாஸ்புக் எண்ணுக்குப் பணம் வரும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். ஆதார் வழியாக அனுப்பும் பணம், ஆதாரோடு கடைசியாக எந்தக் கணக்கு இணைந்திருக்கிறதோ அதில்தான் போய் விழும். பாஸ்புக் நகல் எதுவாக இருந்தாலும் சரி. இது எங்கள் செவிலியர்கள் பலருக்கே தெளிவாகத் தெரியாது. பயனாளிக்கு எப்படித் தெரியும்?

ஆதார் இணையதளத்தில் வங்கி இணைப்பு நிலையைப் பார்க்கலாம். அதற்கு ஆதாரில் பதிந்த செல்லுக்கு ஓ.டி.பி. வர வேண்டும். இவளுடைய ஆதாரில் இருந்ததோ அப்பாவின் பழைய எண். அந்த சிம் எப்போதோ செத்துவிட்டது. தபால்காரர் வீட்டுக்கே வந்து ஆதாரில் செல் எண்ணை மாற்றித் தரும் வசதி இருக்கிறது. அதைச் செய்து முடித்தபின் இணைப்பு நிலையைப் பார்த்தோம். நூற்பாலையில் இருந்தபோது விடுதிப் பெண்களுக்கு மொத்தமாகத் திறந்த சம்பளக் கணக்கோடு ஆதார் இணைந்திருந்தது. வேலையை விட்டதும் அந்தக் கணக்கை அவளே மறந்துவிட்டாள். 6,000 ரூபாய் மாதக்கணக்கில் அங்கேயே கிடந்தது.

அதே வங்கியின் கிளை ஒன்று எங்கள் தாலுகாவில் இருந்ததால், ஆதாரைக் காட்டி, விவரங்களைப் புதுப்பித்துப் பணத்தை எடுக்க முடிந்தது. அடுத்த தவணைகளுக்காக அஞ்சல் வங்கியில் புதுக் கணக்கு திறந்து ஆதாரை அதற்கு மாற்றினோம். பணம் கையில் வந்த அன்று அம்மா நிலையத்துக்கு வந்து கிராம சுகாதார செவிலியரின் கையைப் பிடித்துக்கொண்டார். "யாரோ சாப்ட்டுட்டாங்கன்னு பேசிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க." திருப்பூர் செவிலியருக்கும் போன் போட்டுச் சொன்னோம். இத்தனை மாதம் தன் மேல் இருந்த சந்தேகம் தீர்ந்ததில் அவர் குரலே மாறியது.

இதோடு தொழிலாளர் அரசுக் காப்பீடான ஈ.எஸ்.ஐ. பற்றியும் விசாரித்தோம். ஈ.எஸ்.ஐ.யில் பேறுகால உதவி 26 வாரச் சம்பளம். மகப்பேறு நிதியுதவியைவிடப் பல மடங்கு பெரிய தொகை. ஆனால் முந்தைய இரண்டு சந்தா காலங்களில் 70 நாளுக்காவது சந்தா கட்டியிருக்க வேண்டும். நூற்பாலையில் பிடித்த சந்தா அந்தக் கணக்குக்குள் வராத அளவு பழையதாகிவிட்டது. திருப்பூரில் கான்ட்ராக்டர் பிடிக்கவே இல்லை. கான்ட்ராக்டர் வழியாக வேலைக்கு வருகிறவர்களும் ஈ.எஸ்.ஐ.க்குள் வருவார்கள். கணவனிடம் இதைச் சொன்னோம். "கேட்டா வேலைக்கு வராதன்னுடுவாங்க மேடம்" என்றார். அதற்குமேல் அந்த வேளையில் அவரை வற்புறுத்துவது முறையில்லை என்று விட்டோம். என் மனம் அதை ஏற்கவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

33-ஆம் வாரம்: எங்கே பிரசவம்

ட்ரிப்ஸ் எல்லாம் முடிந்திருந்தது. பிரஷர் 132/86, வரம்புக்குள்தான், ஆனால் ஏறுமுகம். முதல் கர்ப்பம், ரத்தசோகை, ஏறும் பிரஷர். மருத்துவ அலுவலர் அட்டையில் சிவப்பு மையில் குறித்து, பிரசவம் சீமாங்க் மையத்தில் என்று எழுதினார். அறுவை சிகிச்சை, மயக்க மருத்துவர், ரத்த வங்கி, பச்சிளங்குழந்தைப் பிரிவு எல்லாம் 24 மணி நேரமும் இருக்கும் அரசு மையங்கள் இவை. எங்களுக்கு அருகில் உள்ளது 42 கிலோமீட்டர் தொலைவில்.

குடும்பம் தயங்கியது. பெரிய ஆஸ்பத்திரியில் திட்டுவார்கள், கூட யாரையும் விடமாட்டார்கள் என்ற பயம். பிரசவ நேரத்தில் ஒரு பெண் உறவினர் கூடவே இருக்கலாம் என்ற ஏற்பாடு 2004-லிருந்தே அரசு மருத்துவமனைகளில் உண்டு. அந்தத் தகவலே பாதித் தயக்கத்தைப் போக்கியது. மீதியை எடுத்த எடுப்பில் போக்க முடியவில்லை. ஒரு செக்கப் நாளில் அம்மாவையும் மகளையும் அங்கேயே அனுப்பி, பிரசவ அறை எங்கே, அட்மிஷன் எங்கே, இரவில் எந்தக் கதவு திறந்திருக்கும் என்று பார்த்துவரச் சொன்னோம். தெரிந்த கட்டடமாகிவிட்டால் பயம் பாதியாகும். கம்மல் காதிலேயே இருந்தது.

35-ஆம் வாரம்: அந்த இரவு

மார்கழி. இரவு எட்டு மணி சுமாருக்குத் தம்பியிடமிருந்து கிராம சுகாதார செவிலியருக்கு போன். "அக்காவுக்கு மத்தியானத்துலேர்ந்து தலைவலி. அம்மா பனி இறங்கிடுச்சுன்னு தைலம் தேச்சு விட்டாங்க. இப்போ லைட்டைப் பாத்தா ரெண்டு ரெண்டா தெரியுதுங்கறா." அவர் அடுத்த கேள்வி கேட்கவில்லை. 108-ஐ அழைத்து நிலையத்துக்கு வரச் சொல்லிவிட்டு, எங்களுக்குத் தகவல் கொடுத்தார்.

நிலையத்தில் பிரஷர் 164/110. சிறுநீரில் புரதம் இரண்டு பிளஸ். கர்ப்பத்தில் பிரஷர் ஏறி உறுப்புகளைப் பாதிக்கும் முன்சூல்வலிப்பு, அதுவும் கடுமையானது; எந்த நேரமும் ஜன்னி, அதாவது வலிப்பு, வரலாம். மருத்துவ அலுவலர் வலிப்பைத் தடுக்கும் மெக்னீசியம் சல்பேட் முதல் டோஸை இரண்டு பிட்டத்திலும் ஐந்தைந்து கிராம் ஆழமாகப் போட்டு, பிரஷருக்கு நிஃபெடிபின் கொடுத்தார். 34 வாரம் தாண்டிவிட்டதால் குழந்தையின் நுரையீரலுக்கான ஸ்டீராய்டு ஊசி போடவில்லை.

அடுத்து எடுக்க வேண்டிய முடிவுதான் இந்த நிகழ்வின் மையம். தாலுகா மருத்துவமனை 15 கிலோமீட்டரில் இருக்கிறது. வழக்கமான பரிந்துரை வரிசைப்படி முதலில் அங்கே போக வேண்டும். போன் செய்து கேட்டோம். அன்று இரவு அங்கே மயக்க மருத்துவர் இல்லை. அங்கே இறக்கினால் பிரஷர் பார்ப்பார்கள், சீட்டு எழுதுவார்கள், மீண்டும் வண்டி ஏற்றி அனுப்புவார்கள். இதற்குள் ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்விடும். மாறாக, நேராக 42 கிலோமீட்டர் போகும்போது வழியில் ஜன்னி வந்தால் வண்டியிலேயே சமாளிக்க வேண்டும். மெக்னீசியம் போட்டாயிற்று, வண்டியில் ஆக்சிஜனும் சளி உறிஞ்சும் கருவியும் இருக்கின்றன, எங்கள் ஸ்டாஃப் நர்ஸ் கூடப் போகிறார். இந்த மூன்றையும் வைத்து மருத்துவ அலுவலர் நேராகச் சீமாங்க் மையத்துக்கே என்று முடிவெடுத்தார். தாய் இறப்புத் தணிக்கைகளைப் படித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பல பெண்கள் முதல் மருத்துவமனைக்கும் இரண்டாவதுக்கும் நடுவே உள்ள சாலையில்தான் நேரத்தை இழந்திருப்பார்கள்.

வண்டி கிளம்பும் முன்பே மருத்துவ அலுவலர் சீமாங்க் மையத்தின் பிரசவ அறை டூட்டி டாக்டரிடம் பேசினார். பரிந்துரைச் சீட்டில் அளவீடுகளோடு, மெக்னீசியம் எத்தனை கிராம், எந்த நேரம், எங்கே போட்டது என்பதைப் பெரிய எழுத்தில் எழுதினோம். மெக்னீசியம் உயிர் காக்கும் மருந்து. ஆனால் முதல் டோஸ் இரண்டு முறை போய்விட்டால் மூச்சே நின்றுவிடக்கூடும். நேரம் எழுதாத சீட்டு அதனால் ஆபத்தானது. வழி நெடுக முழங்கால் அனிச்சைச் செயலையும் மூச்சின் எண்ணிக்கையையும் ஸ்டாஃப் நர்ஸ் பார்த்துக்கொண்டே போனார். ஜன்னி வரவில்லை.

மருத்துவமனையில்

அவர்கள் போய் இறங்கியபோது ஸ்ட்ரெச்சர் தயாராக நின்றது. அந்த போன் செய்த வேலை அது. பிரஷரை மருந்து கொடுத்துக் குறைத்து, பிரசவ வலி வரவைக்க முயன்றார்கள். கருப்பை வாய் திறக்கவில்லை, விடியற்காலையில் பிரஷர் மறுபடி ஏறியது. காலையில் சிசேரியன். பெண் குழந்தை, 1,920 கிராம்.

அதற்கு முந்தைய வாரம் பார்த்த ஹீமோகுளோபின் 9.7. ரத்தம் எடுத்து வைத்திருந்தார்கள், ஏற்ற வேண்டி வரவில்லை. அதே அறுவை சிகிச்சையை 7.8-ல் செய்திருந்தால், சாதாரணமாகப் போகும் ரத்தமே அவள் உயிருக்கு ஆபத்தாகியிருக்கும். அந்தத் தம்பி பஸ் பாஸில் கூட்டி வந்த ஒவ்வொரு நடையும் அந்த அறுவை அரங்கில் அவளைத் தாங்கியது.

குழந்தைக்கு மூச்சுத்திணறல் இருந்ததால் பச்சிளங்குழந்தைப் பிரிவில் வைத்தார்கள். தாய்ப்பால் பீய்ச்சிக் கொடுத்தார்கள். திணறல் அடங்கியதும் கங்காரு முறையில் நெஞ்சோடு வைத்துக்கொள்ளப் பழக்கினார்கள். அறுவை, மருந்து, குழந்தைப் பிரிவு எதற்கும் ஒரு ரூபாய் கட்டவில்லை. ஆனால் கூட இருந்தவர்களின் சாப்பாடு, ஆட்டோ, வார்டில் ஆங்காங்கே கைநீட்டியவர்களுக்குக் கொடுத்தது எல்லாம் சேர்ந்து குடும்பத்துக்குக் கணிசமான செலவு. மீட்ட 6,000 பெரும்பாலும் அங்கேயே கரைந்தது. சத்துணவுக்கென்று கொடுக்கும் பணம் இப்படிப் போவது வேதனை. அந்தப் பணமும் இல்லாதிருந்தால் கம்மல் போயிருக்கும்.

வீடு திரும்பிய பின்

தாயையும் குழந்தையையும் 102 வண்டி வீட்டில் கொண்டுவந்து விட்டது. டிஸ்சார்ஜ் விவரத்தைச் சீட்டோடு விடாமல், வார்டு செவிலியர் போனிலும் சொன்னார். பிரசவம் ஆனதும் பிரஷர் ஆபத்து தீர்ந்துவிட்டது என்று குடும்பங்கள் நினைத்து மாத்திரையை நிறுத்திவிடும். பிரசவத்துக்குப் பிறகும் ஜன்னி வரலாம். முதல் வீட்டுப் பார்வையிலேயே பிரஷர் 150/96 இருந்தது. மாத்திரையை ஒரு வேளை விட்டுவிட்டிருந்தாள். மருத்துவ அலுவலர் அளவைச் சரிசெய்தார். ஆறாவது வாரத்தில் இயல்புக்கு வந்தது.

குழந்தை எடை கூடியது. பிறப்புச் சான்றிதழுக்குப் பிக்மி எண் வேண்டும்; திருப்பூரில் கொடுத்த அதே எண்ணே போதுமானதாக இருந்தது. மூன்றாவது பென்டாவேலன்ட் தடுப்பூசியும் முடிந்து, நாலாம் மாதத் தவணை அஞ்சல் வங்கிக் கணக்கில் நேராக விழுந்தது. அதன்பின் கணவனோடு மீண்டும் திருப்பூர். இந்த முறை அவள் கிளம்பும் முன்பே அங்குள்ள செவிலியருக்கு நாங்கள் போன் செய்தோம். ஒன்பதாம் மாதத் தடுப்பூசியை அவரே போட்டு, கடைசித் தவணைக்குப் பதிந்துவிட்டதாகத் தகவல் சொன்னார்.

எங்கள் பகுதியில் மாற்றியவை

பதிவு நாளில் பாஸ்புக் நகலோடு நிற்பதில்லை. ஆதார் எந்தக் கணக்கோடு இணைந்திருக்கிறது என்பதைக் கர்ப்பிணியின் கண்ணெதிரே பார்த்துவிடுகிறோம். ஆலை, விடுதி, கம்பெனி வேலையில் இருந்த பெண்களிடம் இதைக் கட்டாயம் கேட்கிறோம், ஏனென்றால் மறந்துபோன கணக்கு பெரும்பாலும் அவர்களிடம்தான். அதே உட்காரலில் ஈ.எஸ்.ஐ. பற்றியும் ஒரு கேள்வி. மூன்றாம் மாதத்தில் கேட்டால் சந்தாக் கணக்கைப் பார்க்க நேரம் இருக்கும். ஏழாம் மாதத்தில் கேட்டால் வருத்தப்பட மட்டுமே முடியும்.

ஆறாம் மாதப் பரிசோதனையில், "பிரசவத்துக்கு எந்த ஊரு போறீங்க, யார் வீடு, அங்க யார் போன் எப்பவும் எடுப்பாங்க?" என்று கேட்டு அட்டையின் பின்பக்கம் எழுதுகிறோம். போகும் ஊரின் செவிலியருக்கு இங்கிருந்தே பேசிவிடுகிறோம். இப்போதைக்கு இது தனிமனிதர்களின் நல்லெண்ணத்தில் ஓடுகிறது. பிக்மியிலேயே ஊர் மாறும் தாயின் பெயர் இரண்டு நிலையங்களின் நிலுவைப் பட்டியலிலும் வரும்படி செய்துவிட்டால், செவிலியர்களின் போன் பில்லை நம்பி ஒரு உயிர் நிற்க வேண்டியதில்லை. மாவட்டக் கூட்டத்தில் இதை எழுத்தில் கொடுத்திருக்கிறோம்.

அங்கன்வாடிப் பணியாளர்களோடு மாதாந்திரக் கூட்டத்தில் ஒரு வழக்கத்தைச் சேர்த்தோம். சமுதாய வளைகாப்பு நாளிலும், அதற்கு வெளியேயும், ஊருக்குப் புதிதாக வயிறும் பிள்ளையுமாக யார் வந்தாலும், அட்டை எந்த ஊருடையதாக இருந்தாலும், அன்றே சொல்வது. "மாத்திட்டு வாங்க" என்ற சொல் எங்கள் துணை நிலையங்களில் இப்போது கிடையாது.

பரிந்துரைச் சீட்டில் மெக்னீசியத்துக்குத் தனிக் கட்டம் போட்டிருக்கிறோம். தாலுகா மருத்துவமனையில் இன்று இரவு மயக்க மருத்துவர் இருக்கிறாரா என்பதை மாலையிலேயே கேட்டுப் பலகையில் எழுதிவைப்பதும் தொடங்கியிருக்கிறது.

மாறாதது

ரத்தசோகை ஊசிக்கு வரும் கர்ப்பிணிக்குப் போக்குவரத்துச் செலவு இன்னும் யார் தலையிலும் இல்லை. ஒரு ஊராட்சித் தலைவர் தன் ஊரிலிருந்து வரும் பெண்களுக்கு ஷேர் ஆட்டோ ஏற்பாடு செய்து தருகிறார். மற்ற ஊர்களில் அதுவும் இல்லை. இந்தப் பெண்ணுக்குத் தம்பி இருந்தான். இதை எழுதும் வாரத்தில் எங்கள் பட்டியலில் 8-க்குக் கீழே ஹீமோகுளோபின் உள்ள இன்னொரு பெண் இருக்கிறாள். அவளைக் கூட்டி வர வீட்டில் யாரும் இல்லை. கிராம சுகாதார செவிலியர் தன் ஸ்கூட்டியில் பஸ் நிறுத்தம் வரை கொண்டுவந்து விடுகிறார். அதை முறையான ஏற்பாடாக்கக் கேட்டு எழுதிய கடிதம் மேலே போயிருக்கிறது, பதிலுக்குக் காத்திருக்கிறோம்.